சன்னச் சத்தம்

மர்பி டவுன் தூங்குமூஞ்சி மரத்தடியில் சேஷகிரியின் வெள்ளை கார் கதவுகளையெல்லாம் விரித்தபடி, பறக்க நினைத்து மறந்துபோன பூச்சியைப் போல நின்றிருந்தது. முன்சீட்டில் முனிகிருஷ்ணன் கண்மூடி உட்கார்ந்திருந்தான். டேப்பில் அவன் எப்போதும் சோதனைக்குப் போடும் பஜனை கேசட். மிருதங்கம் கதவுகளிலிருந்து எழுந்து, உள்ளங்காலில் தொடங்கி முழங்கால் வரை இதமாக ஏறியது. அந்த மிதப்பில் அவனால் நாள் முழுக்க இருந்துவிட முடியும். ஆனால் மாலைக்குள் இந்த வண்டியைச் சரிசெய்தாக வேண்டும்.

காலையில் சேஷகிரி சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருப்பவர். இதே குறைக்காக ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவர்.

“துணி கிழிக்கிறவன் காதுன்னு சிரிக்காத முனி. பெரிய ஸ்பீக்கர் ஜோரா கீது. சின்னதுதான் ஊசியா குத்துது. வீட்ல வண்டியிலயே ஏற மாட்டேங்கறா. சாயங்காலம் சரியாவலேன்னா எல்லாத்தையும் கழட்டிடு குரு. நான் ஜே.சி. ரோட்டு பெரிய கடைக்கே போய்க்கிறேன்.”

“கன்டென்சர் போயிருக்கும் சார். மாத்திடறேன்.”

போன மாதமும் இரண்டு வண்டிகள் இதே ‘ஊசி’ப் புகாரோடு திரும்பி வந்தன. முனியின் காதை நம்பித்தான் கார் ஸ்பீக்கர் பொருத்தும் அவனுடைய தகரக் கொட்டகைக்கு வண்டிகள் வருகின்றன. மீட்டர் வைத்து அளப்பவன் அல்ல அவன். கேட்டுக் கேட்டுப் பொருத்துபவன்.

சீட்டுக்கு அடியிலிருந்த கிராஸ்ஓவர் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். இதன் உள்ளே பார்ப்பதில் அவனுக்கு அலுப்பே வந்ததில்லை. தனியாகக் கரன்ட் கேட்காத பெட்டி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் பாட்டை இரண்டாகப் பிரித்து, கனத்த சத்தத்தைக் கதவு ஸ்பீக்கருக்கும் சன்னச் சத்தத்தை டேஷ்போர்டில் இருக்கும் சின்ன ட்வீட்டருக்கும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். அதிலுள்ள செம்புக் கம்பிச் சுருள் ஒரு கனத்த கதவு மாதிரி: மெதுவாகத் தள்ளினால் திறக்கும், படபடவென்று தட்டினால் அசையாது. அதனால் மிருதங்கம் நுழையும், ஜால்ரா வெளியே நிற்கும். கன்டென்சர் வேறு விதம்: தண்ணீர்க் குழாயின் குறுக்கே இழுத்துக் கட்டிய ரப்பர் தோல். தண்ணீரை விடாது, நடுக்கத்தை மட்டும் அந்தப் பக்கம் கடத்தும். அதைத் தாண்டி ஒரு ரெசிஸ்டர் உண்டு. ட்வீட்டருக்கு இயல்பிலேயே வாய் அதிகம். அதைக் கொஞ்சம் அடக்குவதற்கு. சமீப காலமாக முனி அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டுத்தான் பொருத்தி வந்தான். அது இருந்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அவனுக்குத் தோன்றியது.

புது கன்டென்சர் போட்டான். எந்த மாற்றமும் தெரியவில்லை. ட்வீட்டரை மாற்றினான். அதே. கடைசியில் ட்வீட்டருக்குப் போகும் கம்பியையே பிடுங்கிவிட்டுக் கேட்டான். பாட்டு முன்பு போலவேதான் இருந்தது. ஓடாத ட்வீட்டர் எப்படி ஊசியாகக் குத்தும்?

கார்மெண்ட்ஸ் ஷிப்ட் முடிந்து வந்த அவன் மனைவி சாந்தகுமாரி டீயை டேஷ்போர்டில் வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“ஜால்ராவ ஏன்யா நிறுத்திட்ட? பஜனை மொட்டையா கீது.”

முனி அவளைப் பார்த்தான். குனிந்து, அவளுக்குத் தெரியாமல் கம்பியைச் சேர்த்தான்.

“ஐயே!” அவள் காதைப் பொத்திக்கொண்டாள். “பல்லு கூசுது. இத்த வச்சிக்கினு எப்பிடி உக்காந்துகினுகிற?”

பிடுங்கினான். அவள் கைகள் இறங்கின. சேர்த்தான். புருவம் நெரிந்தது. மறுபடி பிடுங்கி மறுபடி சேர்த்தான். அவனுக்கு மட்டும் ஒரே மிருதங்கம், ஒரே குரல், இடையில் எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை.

“இன்னா விளையாட்டு இது?”

“சாந்தா, இந்த மரத்துல முந்தியெல்லாம் சாயங்காலமானா பூச்சி கத்துமே.”

“கத்தும்.”

“ஊர் கெட்டுப்போச்சு, பூச்சியெல்லாம் போயிடுச்சுன்னு உன்கிட்ட சொன்னேனே.”

“நீ ஏதோ வெறுப்புல பேசறன்னு நெனச்சேன்.” அவள் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பூச்சி எங்கயும் போவலயா, தெனமும் கத்திக்கினுதான் கீது.”

எத்தனை வருடம் மூடிய கார்களுக்குள் தலையை நுழைத்து, சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டிருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தான். காதுக்குள்ளும் ஒரு தோல்தானே.

டப்பாவிலிருந்து ரெசிஸ்டர்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். பாட்டைக் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றில் புருவம் நெரிந்தது. ஒன்றில் உதடு சலிப்பாகக் கோணியது. வேறொன்றை வைத்தபோது நெற்றி தளர்ந்து, கண்கள் தாமாக மூடிக்கொண்டன. அதையே ஈயம் வைத்துப் பற்றவைத்தான்.

சேஷகிரி வந்து உட்கார்ந்து, ஒரு பாட்டு முழுவதும் கேட்டார்.

“இப்ப ஆச்சு பாரு! முனி காதுன்னா காதுதான்.”

“சாந்தா வச்ச அளவு சார் இது.”

“அதானே, வீட்ல சொன்னாத்தான் எல்லாருக்கும் காது கேக்குது!” அவர் சத்தமாகச் சிரித்தபடியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வண்டி நின்றிருந்த இடத்தில் நீள்சதுரம் ஒன்று மட்டும் சருகில்லாமல் தெரிந்தது. சாந்தா கொட்டகை வாசலில் ஸ்டூலைப் போட்டாள். முனி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“நாளைக்கு ஒரு வண்டி வருது,” என்றான்.

“நாளைக்கு எனக்கு டூட்டி.”

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மரம் தன் இலைகளை ஜோடி ஜோடியாக மடித்துத் தூங்கப் போனது. முனி அண்ணாந்து பார்த்தான். கிளைகளில் பஞ்சு போன்ற அமைதி.

“இப்ப கத்துதா?”

அவள் ஆள்காட்டி விரலை உயர்த்தினாள். சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள், இம்முறை பூச்சி கத்துவதுபோலவே விரல் நுனியைப் படபடவென்று ஆட்டினாள். முனி கண்ணெடுக்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.