இன்னும் கொஞ்சம் கெட்டியா கீது

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. மாடி வீட்டு வேம்புலி, திருமுல்லைவாயில் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சொன்னது. அவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். நான் கீழ் வீட்டில் குடியிருக்கும் எழுத்தாளன், அதாவது அந்தத் தெருவின் பார்வையில் வீட்டில் சும்மா இருப்பவன்.

"எழுதிக்கோ சார். ஆனா என் பேர மட்டும் மாத்தாத," என்றார்.

"மத்தவங்க பேரு?"

"அத்த மாத்திடு. தெரிஞ்சா சண்டைக்கு வருவாங்கோ."

ஆகவே இதில் வேம்புலி என்பது வேம்புலியேதான். மகன் வெற்றிச்செல்வன், மருமகள் காவ்யா என்பவை நான் வைத்த பெயர்கள். ஒன்பது மாதக் குழந்தைக்கு நான் பெயர் வைக்கவில்லை. நிஜத்திலேயே அந்த வீட்டில் இரண்டு தரப்பும் ஒரு பெயருக்கு இன்னும் ஒத்து வரவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். (பெயரை மாற்றியும் சண்டை வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஏர் ஃப்ரையரின் மணி அடித்தபோது வேம்புலியின் வாயில் ஒரு பல்கூட இல்லை."

அடித்துவிட்டேன். மணி அடிக்காதபோது மட்டும் பல் இருந்ததா என்ன?

அடுத்து, "தாய்மை என்பது" என்று ஆரம்பித்தேன். மூன்றாவது சொல் வருவதற்குள் எனக்கே கூசியது.

அதற்கு அடுத்தது: "அம்பத்தூர் உலைகளின் வெக்கையில் வெந்து வெந்து வெற்றிச்செல்வனின் இதயமும்" — இதயத்தை விடுங்கள். இந்தக் கதைக்கு அவன் விரல்தான் வேண்டும்.

நான்காவது தொடக்கம் நன்றாகவே இருந்தது. அதையும் அடித்தேன். ஏன் என்றால் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று எழுதிப் பார்க்கலாமே என்ற சபலம், வேறொன்றுமில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேம்புலியைத் திட்டத் தோன்றும்போது உதவும்.

3

வெற்றிச்செல்வனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. பற்சக்கரங்களை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, கெட்டிப்படுத்துகிற பட்டறை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறான். அவன் கற்ற வித்தையெல்லாம் ஒரு பொருளை எப்படி இன்னும் கெட்டியாக்குவது என்பதுதான். வீட்டிலோ இரண்டே பல் முளைத்த ஒரு ஆள், மெத்தென்று ஏதாவது கொடு என்று உட்கார்ந்திருந்தது.

ஏர் ஃப்ரையர், அதாவது எண்ணெயில்லாமல் சூடான காற்றிலேயே பொரிக்கிற மெஷின், பட்டறையின் ஆயுத பூஜைக் குலுக்கலில் அவனுக்கு விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, மெஷின் என்றால் மெஷின்தானே என்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். அதோடு பரணில் ஏற்றியாகிவிட்டது.

காவ்யா பிள்ளைப்பேற்றுக்கு முன்பு கரையான்சாவடியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முதலாளி அவளுக்காக இடத்தை வைத்திருந்தார். திங்கட்கிழமை வரவேண்டும், வரவில்லை என்றால் ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் தயாராக இருக்கிறது. ஏற்பாடெல்லாம் சரிதான்: காலையில் பாப்பாவை வெற்றி பார்த்துக்கொள்வான், அவன் மதிய ஷிப்டுக்குக் கிளம்பியதும் வேம்புலி. ஆனால் பாப்பா காவ்யா கையைத் தவிர வேறு யார் கையிலும் ஒரு வாய் வாங்காது. ஸ்பூனைப் பார்த்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

காவ்யாவுக்கு வேலைக்குப் போக ஆசை. ரொம்ப ஆசை. கைக்குழந்தையை விட்டுப் போக இவ்வளவு ஆசையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அதைச் சொல்ல வெட்கம். அதனால், "பாப்பா இவங்க கையில சாப்ட்டா போறேன், இல்லாங்காட்டி உட்டுடறேன்," என்று பாரத்தைத் தூக்கிப் பாப்பா தலையில் வைத்துவிட்டாள்.

ஸ்பூன் பிடிக்காத குழந்தை தானே கையில் எடுத்தால் தின்னும் என்றார் டாக்டர். விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு விரலில் அழுத்தினால் நசுங்குகிற பதத்தில் வேகவைத்துக் கொடுங்கள், உப்பும் சர்க்கரையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வெற்றி பரணிலிருந்து மெஷினை இறக்கினான்.

"ஞாயித்துக்கெழம முழுக்க நான் பாத்துக்கறேன். நீ உள்ரூம்லயே இரு. உன்னப் பாத்தா அது வாயத் தொறக்காது," என்றான்.

4

சர்க்கரைவள்ளிக்கிழங்கை நறுக்கிப் பச்சையாகவே கூடையில் போட்டு, மெஷின் எவ்வளவு சூடு தாங்குமோ அவ்வளவு வைத்தான். பட்டறைப் பழக்கம். மணி அடித்ததும் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தான். மெத்தென்று இருந்தது. அவன் விரலுக்கு எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். உலைப் பக்கத்திலேயே இருந்து காய்த்துப்போன விரல், கூழாங்கல்லைக் கொடுத்தாலும் பணியாரம் என்று சொல்லும்.

பாப்பா அதை வாங்கியது. அப்பன் கையிலிருந்து முதல்முறையாக வாங்கியது. கடித்தது. நுனி உடைந்து தொண்டைப் பக்கம் போய், இருமி, முகம் சிவந்துவிட்டது. உள்ளறையிலிருந்து காவ்யா ஓடிவந்து குழந்தையைக் கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள், துண்டு வெளியே விழுந்தது. அவ்வளவுதான். பாப்பா உடனே சிரிக்கவும் தொடங்கிவிட்டது. வெற்றிதான் கூடையில் மிச்சமிருந்த துண்டுகளையெல்லாம் குப்பையில் கொட்டினான். அவன் அப்படிப் பயந்து வேம்புலி பார்த்ததில்லை.

பயந்தவன் என்ன செய்வான்? தெரிந்த சட்டத்தைப் பிடித்துக்கொள்வான். பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. முதல் பீஸை சோதிக்கிறவரிடம் கொடுக்க வேண்டும், அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பீஸும் வாசலைத் தாண்டக் கூடாது.

"நைனா, அதுக்கு ரெண்டே பல்லு, உனுக்கு அதுவும் இல்ல. நீ மென்னு பாத்து ஓகேன்னு சொன்னாதான் பாப்பாவுக்குக் குடுப்பேன்," என்றான்.

வேம்புலிக்குப் போன மாதம்தான் ஆவடியில் மிச்சப் பற்களையும் பிடுங்கியிருந்தார்கள்.* ஈறு ஆறிய பிறகுதான் பல்செட். அதுவரை கஞ்சி, ரசஞ்சாதம், மறுபடி கஞ்சி.

* "மேல ரெண்டு பல்லு கீது சார், அத்த எழுது," என்றார் இந்த இடத்தில். இல்லை. நான் பார்த்தேன்.

5

வெற்றி யோசித்தான். உள்ளே வேகும் முன் வெளித்தோல் இறுகிவிடுகிறது. பட்டறையில் பற்சக்கரத்துக்கு வேண்டுமென்றே செய்வது அதுதான், இங்கே கூடாதது. ஆகவே கிழங்கை முதலில் இட்லிப் பானையில் ஆவி காட்டினான். பிறகு மெஷினில் சூட்டைக் குறைத்துச் சில நிமிடம் வைத்தான், பிஞ்சுக் கை பிடிக்கும்போது வழுக்காத அளவுக்கு மேலே லேசாக முறுகட்டும் என்று. எடுத்து ஆறவைத்து, ஒன்றைத் தட்டில் வைத்து அப்பா முன் கொண்டுவந்தான்.

வேம்புலி வாயில் போட்டார். ஒரு மாதக் கஞ்சிக்குப் பிறகு கிழங்கின் தித்திப்பு நாக்கில் பட்டது. மெல்ல வேண்டிய வேலையே இல்லை, ஈறு பட்டதும் கரைந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது எதிரே மகன் குந்தி உட்கார்ந்து, தோளில் கரித்துணியோடு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்டி கீது நைனா?"

"இன்னும் கொஞ்சம் கெட்டியா கீதுடா," என்றார் வேம்புலி.

வெற்றி எழுந்து போனான். அடுத்ததை இன்னும் நேரம் கூட்டி வேகவைத்தான். ஓரம் முறுகலா கீது என்றார். பாசிப்பருப்பை அரைத்து கேரட்டோடு சேர்த்துத் தட்டி வைத்தான். நாக்குல ஒட்டுது என்றார். கேழ்வரகு மாவில் வாழைப்பழத்தைப் பிசைந்து செய்ததற்கு நெடுநேரம் யோசித்தார். "இது ஓகே மாதிரிதான் தெரியுது. இன்னொண்ணு குடு, பாத்துட்டு சொல்றேன்."

ஒருமுறை வெற்றி தானே ஒன்றைத் தின்று பார்த்து, "நல்லாத்தான கீது?" என்றான்.

"பல்லு கீறவன் சொன்னா செல்லாது," என்று வேம்புலி சட்டத்தை எடுத்து அவன்மேலேயே போட்டார்.

மாடியில் மெஷின் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் கீழே எனக்குக் கேட்டது. பாப்பா அவ்வப்போது உள்ளறைக்குப் போய் பால் குடித்துவிட்டு வந்து, கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் பங்குக் கிழங்கெல்லாம் தாத்தா வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது அதற்குத் தெரியாது.

6

இங்கேதான் எனக்கு வேம்புலி மேல் சந்தேகம். ஒரு மனிதர் வெறும் கிழங்குக்காகப் பேத்தியின் வாயில் மண்ணைப் போடுவாரா? இருக்காது என்று நினைத்து ஒரு பத்தி எழுதினேன்:

"வெற்றி வளர்ந்த காலமெல்லாம் வேம்புலி லாரியில் வெளியூர் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது மகன் தலைக்கு மேல் வளர்ந்து பேச்சைக் குறைத்திருந்தான். அன்றைக்கோ அவன் மணிக்கொரு தடவைக்கு மேல் வந்து அப்பன் முன் குந்தி உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருமா என்று காத்திருந்தான். சரி என்று சொல்லிவிட்டால் அது நின்றுவிடும்."

அழகான பத்தி. பெஞ்சில் வைத்து அவருக்கே படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார். கெழங்கு நல்லா இருந்துச்சி."

பத்தியை அடித்துவிட்டேன். (அடித்ததை நீங்கள் படித்துவிட்டீர்கள். நான் என்ன செய்ய?) ஆவடி வண்டி ஒன்று கடந்துபோய் இரைச்சல் அடங்கிய பிறகு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆனா அன்னிக்கு நெறைய பேசுனான் சார் பையன்."

7

சாயங்காலம் காவ்யா உள்ளறையிலிருந்து வந்தாள்.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் சரியா வர்ல. நைனா எல்லாத்தயும் ரிஜெக்ட் பண்ணிட்டாரு," என்றான் வெற்றி. அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

காவ்யா காலித் தட்டுகளைப் பார்த்தாள். வேம்புலியையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி உடு. கடைக்குப் போன் பண்ணி வர்லன்னு சொல்லிடறேன்."

காலையிலேயே ஒரு சுடிதாரை இஸ்திரி போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தாள். அதை எடுத்தாள், மடித்தாள், பீரோவுக்குள் வைத்தாள். ஒரு சுருக்கமும் விழாமல் அவள் மடித்த விதத்தை வேம்புலியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பல் பிடுங்கிய அன்றைக்கு வலது இடுப்பில் பாப்பாவும் இடது கையில் அவர் கையுமாக ஆவடியிலிருந்து கூட்டி வந்தவள் அவள்தான். இன்றுவரை கஞ்சியில் ஒரு திப்பி இல்லாமல் கடைந்து கொடுக்கிறவளும் அவள்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவர் சட்டைப் பையில் ஒரு கிழங்குத் துண்டு வேறு இருந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது.

இதுவரை சொல்லிவிட்டு வேம்புலி பெஞ்சிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார்.

"மீதிய நீயே போட்டுக்கோ சார். எழுத்தாளன்றியே."

8

போட்டேன்.

முடிவு ஒன்று. வேம்புலி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நம்பும்படி இல்லை. அன்றைக்கே யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

முடிவு இரண்டு. ஏர் ஃப்ரையர் வெடிக்கிறது. (எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நாள் ஆசையாக வைத்திருந்துவிட்டு அடித்தேன்.)

முடிவு மூன்று. பாப்பா தவழ்ந்து வந்து தாத்தாவின் சட்டைப் பையில் கைவிட்டு, துண்டை எடுத்துச் சப்புக்கொட்டித் தின்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பீரோ திறக்கிறது. சுடிதார் மறுபடி கொக்கிக்கு வருகிறது.

இதை எழுதிய பெருமையில் பிரதி ஒன்றை வேம்புலியிடம் கொடுத்தேன். எழுத்து பொடியாக இருக்கிறது என்று அவர் அதை எடுத்துக்கொண்டு போய் மருமகளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். காகிதத்தோடு காவ்யா கீழே இறங்கி வந்தாள்.

"பேர மாத்திட்டா தெரியாதா சார்?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"மத்ததெல்லாம் உடுங்க. அவரு தின்னது, இவரு பயந்தது, எல்லாம் கரெக்டு. இந்தக் கடைசிதான் நல்லால்ல. ரெண்டு ஆம்பளைங்க அடிச்ச கூத்த, ஒம்போது மாசக் கொழந்த தவழ்ந்துகினு வந்து சரி பண்ணணுமா? அதுவும் பொம்பளப் புள்ள. இப்பவே ஆரம்பிச்சிட்டீங்களா? தின்னவரு அவரு. அவரு வாயத் தொறந்து சொல்லட்டும்."

"நிஜத்துல சொன்னாரா?" என்று மட்டும் கேட்டேன்.

காவ்யா சிரித்தாள். "அது உங்க வேல சார்," என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

(அவள் கையில் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி ஒன்று இருந்தது. கடையிலிருந்து அப்போதுதான் வந்தாளா, பழைய துணி வீட்டில் கிடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.)

9

ஆகவே கடைசியாக ஒருமுறை.

காவ்யா போனைக் காதில் வைத்துவிட்டாள். மறுமுனையில் மணி போகிறது. வெற்றி சந்தனப் பொட்டு கருகிப்போன மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். வேம்புலி சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை வெளியே எடுக்கிறார்.

"காவ்யா," என்று கூப்பிடுகிறார்.

அவள் திரும்புகிறாள். வேம்புலி வாயைத் திறக்கிறார். சொல்லத்தான் திறக்கிறார் என்று நம்ப எனக்கு ஆசை. ஆனால் கையில் இருப்பது கிழங்கு, ஆளோ வேம்புலி.

தரையில் பாப்பா கரண்டியை விட்டுவிட்டுத் தாத்தாவின் முகத்தைப் பார்க்கிறது. எதிரே ஒரு பொக்கை வாய் பெரிதாகத் திறந்திருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பாப்பாவும் தன் வாயைத் திறக்கிறது. (காவ்யா, இதைக் கவனித்துக்கொள்: முதலில் திறந்தது அவர் வாய்தான்.)

துண்டு ஒன்றுதான். வாய் இரண்டு. கரையான்சாவடியில் யாரோ போனை எடுத்து "ஹலோ" என்கிறார்கள்.

நான் இங்கே கையைக் கழுவிக்கொள்கிறேன். துண்டை இனி நீங்கள் பிடியுங்கள். இரண்டு விரலில் வைத்து அழுத்திப் பாருங்கள், பிறகு யார் வாயில் போவது, யார் வாயிலிருந்து என்ன வருவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த சுடிதார் பீரோவில் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. இந்த முடிவு இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது, வேறு ஒன்று கொண்டுவா, தின்று பார்த்துச் சொல்கிறேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த வித்தையை நான் வேம்புலியிடமே பார்த்துவிட்டேன்.