பொத்தான் அழுத்தாத சனிக்கிழமை

சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, ஹோட்டலின் பதினோராம் எண் அறையின் துணி அலமாரியை அக்கா நான்காவது முறையாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். டிவித் திரையில் அந்த அலமாரி பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. கன்ட்ரோலரின் குமிழைக் கட்டைவிரலால் தள்ளத் தள்ள, வெள்ளை அம்புக்குறி எறும்பு ஊர்வதுபோல மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கியது. அழுத்தினாள். கம்பளி, ஈரமாக இருக்கிறது என்று திரையின் அடியில் எழுத்து வந்தது. போன மூன்று முறையும் இதையேதான் சொன்னது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முதல்தடவை பார்க்கிறவன் மாதிரி அதைப் படித்தான். "ஈரமா இருக்காம்க்கா" என்றான். அப்போதுதான் அவள் திரையை விட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் அப்படிப் பொறுமையாகச் சொல்கிற ஆளே இல்லை. லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பம்பரம் என்றுதான் பெயர். அக்காவும் பாதி நேரம் அப்படித்தான் கூப்பிடுவாள். சாப்பிடும்போது இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவான். ஃபோன் பேசினால் வீட்டை மூன்று சுற்றுச் சுற்றிவிடுவான். கேம் பெட்டியை அவன் வாங்கியது கார் ஓட்டத்தான். எட்டு வருடங்களுக்கு முன்னால் இரண்டு பைகளோடு, "பத்து நாளைக்குத்தாண்டா" என்று சொல்லிக்கொண்டு அக்கா வந்து சேர்ந்தபோது, அந்தப் பெட்டியில் கார்களும் துப்பாக்கிகளும் மட்டுமே இருந்தன. ஒரு காய்ச்சல் நாளில் பொழுது போகாமல் எதையோ அழுத்தப்போய் ஒரு பழைய நூலகத்துக்குள் நுழைந்தாள். யாரும் சுடவில்லை. யாரும் துரத்தவில்லை. மேசையைத் தொட்டால் மேசையைப் பற்றிச் சொன்னார்கள், நாற்காலியைத் தொட்டால் நாற்காலியைப் பற்றிச் சொன்னார்கள். சாயங்காலம் தம்பி வந்து பார்த்தபோது, காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு மைக்கூட்டுக்குப் பொருத்தமான மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதிரி கேம்களைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஆன்லைன் கடையில் அவற்றுக்கென்று அலமாரி கிடையாது. சாகசம் என்ற தலைப்பில் தேடினால் கத்தியும் தீயுமாக ஐந்நூறு வந்து விழும். அவள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். ஓர் அறையின் நடுவில் ஒருவர் எதுவும் செய்யாமல் சும்மா நின்றுகொண்டிருக்க, கீழே சின்னச் சின்னக் கட்டங்களில் சாவி, கயிறு, பாதி மெழுகுவர்த்தி என்று வரிசையாக இருந்தால், "இது நம்ம ஆளு" என்பாள். எல்லாம் கம்ப்யூட்டரில் மவுஸை வைத்து ஆடுவதற்காகச் செய்தவை. யாரோ மெனக்கெட்டு இந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், எழுத்தைப் பெரிதாக்க மட்டும் மறந்துவிடுகிறார்கள். அதனால் இரண்டு நாற்காலிகளையும் கை நீட்டினால் டிவியைத் தொடுகிற தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். அவளுக்குப் பிடித்தது ஒன்றுதான். அங்கே நீயாகக் கையை வைக்காதவரை எதுவும் நடக்காது. அடுப்பில் தேநீரை வைத்துவிட்டு வரலாம், பத்து நாள் கழித்து வரலாம், கேமில் பேசிக்கொண்டிருந்த கடைக்காரன் அதே திறந்த வாயோடு நின்றுகொண்டிருப்பான். எந்த நிமிடம் எந்தத் தட்டு பறக்கும் என்று தெரியாத ஒரு வீட்டில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவளுக்கு, இது லேசான விஷயம் இல்லை.

தம்பிக்கு அதுதான் எரிச்சல். பெரும்பாலான கேம்களில் கன்ட்ரோலரின் தோளில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால், தொடக்கூடிய இடங்கள் அத்தனையும் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். ஆளுக்கு ஓர் அறை என்பது வீட்டு ஒப்பந்தம். தன் முறை வந்ததும் அவன் முதலில் செய்வது அந்தப் பொத்தானை அழுத்துவதுதான். அவள் முறையிலும் எட்டி அழுத்திவிடுவான். "நீ கணக்கெடுப்புக்கு வந்த மாதிரி வீடு வீடா ஏறி இறங்குறக்கா" என்பான். "நீ பரீட்சையிலயே பக்கத்துப் பேப்பரைப் பார்த்துப் பாஸான ஆளுதானே" என்பாள் அவள். தவறான பொருளை எடுத்துத் தவறான இடத்தில் வைக்கும்போது கேமில் இருக்கும் பெண் மறுத்துத் தலையாட்டுவாளே, அதற்குக் குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டு, "அதெல்லாம் இதுக்கு ஆகாதும்மா, வேற வீடு பாரு" என்று டப்பிங் கொடுப்பான். சனிக்கிழமை என்றால் சண்டையும் சிரிப்புமாக இப்படித்தான் போகும்.

இன்றைக்குப் பன்னிரண்டு மணியிலிருந்து அவன் ஒருமுறைகூடப் பொத்தானை அழுத்தவில்லை. எழுந்துபோகவில்லை. அவன் முறை வந்தபோதும், "நீயே ஆடுக்கா, எனக்குப் பார்த்தாப் போதும்" என்று கன்ட்ரோலரை அவளிடமே தந்துவிட்டான்.

அவள் பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். யாரோ கடித்துக்கொடுத்த மெழுகுத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே, இவர் கோபத்தை விழுங்குகிறவர், இவர் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர் என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் படிக்கவா தெரியாது? மூன்று வாரங்களுக்கு முன்னால் அவன் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே அரைக்கால் சட்டையுமாக ஃபோனை ஜன்னலில் சாய்த்துவைத்து, கடல் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனியோடு நேர்காணல் பேசினான். அங்கே எழுபது மாடியில் கட்டடம் எழும்புகிறது. லிஃப்ட் போட ஆள் வேண்டும். இரண்டு வருடம், பிடித்தால் இன்னும் இரண்டு. "வந்தா சொல்றேன்" என்றான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

வந்துவிட்டது, போகிறான், போகிறதுக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு நல்ல சனிக்கிழமையைக் கொடுக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் அடுப்பில் தண்ணீரை வைத்தாள். கொதிப்பதற்குள் அணைத்தாள். கொடியில் இருந்த துணிகளை எடுத்து மடித்து, மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். அவளுடைய சட்டைக்குள் அவனுடைய சட்டையை வைத்து மடித்திருந்தாள்.

"எங்கக்கா போற? சூட்கேஸைப் பார்க்கவே இல்லையே நீ" என்று முன்னறையிலிருந்து குரல் கொடுத்தான்.

அவள் வந்து உட்கார்ந்தாள். அம்புக்குறியை சூட்கேஸுக்கு நகர்த்தினாள். வேறு பக்கம் போயிற்று. திரும்ப இழுத்தாள்.

"மெயில் வந்துச்சா?"

"எந்த மெயில்?"

"கரென்ட் பில்லு. எந்த மெயிலாம்!"

அவன் திரையையே பார்த்தான். "வந்துச்சு."

"என்னைக்கு?"

"செவ்வாக்கிழமை."

"என்னவாம்?"

"வாங்கன்னுதான்."

"நல்லதுதானேடா" என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. "எப்போ கிளம்பணும்?"

"கிளம்பறதா? நான் இன்னும் சரின்னே சொல்லலை." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "நம்ம டைம் அஞ்சு மணி வரைக்கும்தான். அங்க இன்னைக்கும் வேலை நாளு. பதில் போகலைன்னா வேண்டாம்னு எடுத்துக்கிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க."

மணி மூன்று ஐம்பது. பன்னிரண்டு மணியிலிருந்து அவன் உட்கார்ந்திருந்ததன் அர்த்தம் அவளுக்கு அப்படியே புரண்டு விழுந்தது. அவன் விடைபெறவில்லை. அஞ்சு மணி ஆகட்டும் என்று காத்திருக்கிறான். அந்த ஐந்து மணி நேரத்தை ஓட்டுவதற்கு அவளுடைய பொறுமையைக் கடன் வாங்கியிருக்கிறான்.

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?" என்றாள்.

"உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிக்கா..."

"நிறுத்து. நான் என்ன பால்குடிக் குழந்தையா? எனக்கு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு, பூட்டுக்குச் சாவி இருக்கு. அக்காவுக்காகத்தான் போகலைன்னு நாளைக்கு நாலு பேர்கிட்ட சொல்றதுக்கா இந்த ஏற்பாடு?"

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"வாயால சொல்லமாட்ட. இருபது வருஷத்துக்கு மூஞ்சியால சொல்லுவ."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, அதே வேகத்தில் முகம் கலைந்தது. "உனக்காகன்னு யாரு சொன்னா?" என்றான். "எழுபது மாடிக்கா. நான் பன்னெண்டுக்கு மேல ஏறினதே இல்லை. மெயில் வந்த நாள்லேர்ந்து கண்ணை மூடினா வயித்துல ஒரு பள்ளம் விழுது. அதுக்குப் பயந்து வேண்டாங்கறேனா, உனக்காக வேண்டாங்கறேனான்னு பிரிச்சுப் பார்க்கவே முடியல. உனக்காகன்னு நெனச்சுக்கிட்டா கொஞ்சம் நல்லா இருக்கு. அவ்வளவுதான்."

டிவியில் அந்தப் பெண் ஹோட்டல் அறையின் நடுவில் நின்று, ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"நான் போன்னா போவியா?"

"போவேன்."

"இருன்னா?"

"இருப்பேன்." இப்போதுதான் அவன் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். "நீயே சொல்லிடேன்க்கா. எதுவா இருந்தாலும்."

இரு என்ற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. கொஞ்சமும் வெட்கமில்லாமல் வந்து நின்றது. அவளும் ஒருகாலத்தில் இப்படிக் கேட்டிருக்கிறாள். புருஷன் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வரட்டுமா என்று அம்மாவிடம் ஃபோனில் கேட்டாள். பொறுத்துக்கோ என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் நாலு வருடம் இருந்தாள். ஒவ்வொரு தட்டு பறக்கும்போதும் கோபம் அம்மாமேல்தான் வந்தது. அது ஒரு வசதியாகக்கூட இருந்தது. இவனுக்கு அந்த வசதி வேண்டியிருக்கிறது.

கன்ட்ரோலரை அவன் மடியில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். செருப்பைத் தேடி இடதுகாலில் வலதுசெருப்பைப் போட்டு, மாற்றினாள்.

"எங்க போற?"

"தெரியல. அஞ்சு மணிக்கு மேல வர்றேன்."

"அக்கா, பாதியில விட்டுட்டுப் போனா எப்படி?"

"பாதியில விடலை. இது உன் ரூம்டா" என்றாள். கதவைச் சாத்தினாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூட இருப்புக்கொள்ளாமல் நான்கு மாடியும் படியில் இறங்கினாள். எங்கே போகிறோம் என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் அவள் தெருவில் இறங்கியதே இல்லை. செருப்புக் கடை வாசலில் நின்றாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள். சாவி போடுகிறவர் உலோகத்தைத் தேய்க்கும் சத்தம் பல்லில் கூசியது; தினமும் அதைவிட மோசமான சத்தத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு இன்றைக்கென்று கூசியது. இப்போது திரும்பி ஓடினால் ஆறு நிமிடத்தில் வீடு. போய், போடா என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம். இல்லையென்றால் மற்றதைச் சொல்லலாம். கால்கள் வீட்டுப் பக்கம் திரும்புவது தெரிந்ததும், எதிரே வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"கடைசி ஸ்டாப்."

"கடைசி ஸ்டாப் எதுன்னு தெரியுமா?"

"அது எதுவோ, அதுக்குக் கொடுங்க."

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். காலியாக இருந்த ஒரே இடம், மடியில் வெறும் மீன்தொட்டி வைத்திருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில். தொட்டி இடிக்காமல் இருக்க இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். டிரைவரின் தலைக்கு மேலே சிவப்பு எண்களில் மணி ஓடியது. நான்கு முப்பத்தெட்டு. அவன் என்ன செய்துகொண்டிருப்பான்? நாற்காலியிலேயே இருக்கிறானா, வீட்டைச் சுற்றுகிறானா? நான்கு நாற்பத்தைந்து. அவன் போய்விட்டால் சனிக்கிழமைகளில் அந்த இரண்டாவது நாற்காலியை எங்கே போடுவது என்று யோசித்தாள். அவன் இருந்துவிட்டால் அவன் முகத்தை எங்கே வைத்துப் பார்ப்பது என்றும் யோசித்தாள். சிக்னலில் பஸ் நின்றபோதெல்லாம் எழுந்து இறங்கிவிடலாமென்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். பஸ் நகர்ந்ததும் விட்டாள். உள்ளங்கையில் இரும்பு வாசனை ஏறியிருந்தது.

நான்கு ஐம்பத்தாறுக்கு ஃபோன் அடித்தது. தம்பி என்று வந்தது.

எடுத்தால் அவன் என்ன கேட்பான் என்று தெரியும். என்ன சொல்வோம் என்பதுதான் தெரியவில்லை. சத்தத்தைக் குறைக்கலாம், அணைத்துவிடலாம். இரண்டும் பதில் சொன்னதுபோல ஆகிவிடுமோ என்று இருந்தது. முன் இருக்கையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க ஃபோன்தாங்க" என்றாள் மீன்தொட்டிக்காரி.

"ஆமாங்க."

"எடுக்கலையா? யாரோ தவிச்சுக்கிட்டு இருக்காங்க போல."

"ஆமாங்க" என்றாள் மறுபடியும்.

அடித்து ஓய்ந்தது. அவள் மூச்சை விடுவதற்குள் திரும்ப அடித்தது. ஃபோனை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, வேலையிடத்தில் ஊற்றிய மாவு இறுகும்வரை பல் அச்சின் இரு பாதிகளையும் பிடித்திருப்பாளே, அந்த மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது உள்ளே துடித்துத் துடித்து மணிக்கட்டு வரைக்கும் வந்தது. சிவப்பு எண்கள் நான்கு ஐம்பத்தெட்டு ஆயின. பஸ் ஒரு பாலத்தின்மேல் ஏறி வளைந்தது. பக்கத்து மடியிலிருந்த காலித் தொட்டிக்குள் சாயங்கால வெயில் புகுந்து, தண்ணீர் இருப்பதுபோலவே, ஒரு பக்கத்துக் கண்ணாடியிலிருந்து மறுபக்கத்துக் கண்ணாடிக்குச் சாய்ந்து அலம்பியது.