முன்கூட்டிய உண்மை

டாக்டர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார், போன் திரையில். என் மகள் மீனாக்ஷிக்கு இழுப்பு. ஆறு வயதுக் குழந்தை, மூச்சுத் திணறலில் பேச்சே வரவில்லை. மத்தியானத்திலிருந்து கொட்டுகிற மழையில் எங்கள் பேட்டை லேக் கார்டன்ஸ் முழுக்க முழங்கால் தண்ணீர், ஒரு வண்டி கிடையாது. மூச்சு விடும்போது விலா உள்ளே வாங்குகிறதா, காட்டுங்கள் என்று கேட்டார் டாக்டர். அதோடு சரி.

"ஏன்னா, 5ஜின்னுதானே காட்டறது? அப்புறம் ஏன் இப்படி நிக்கறது?" என்றாள் மாதங்கி.

ஏன் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். நியூ டவுனில் ஒரு மொபைல் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் தெருவுக்கு வருவது பழைய 4ஜிதான். அதில் கொஞ்சம் ஒட்டுவேலை செய்துவிட்டு, போன் மூலையில் 5ஜி என்று எழுத்து வர வைத்தோம். யோசனை என்னுடையது. "பொய் இல்லை சார், முன்கூட்டிய உண்மை" என்று மீட்டிங்கில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிய மகானுபாவன் நான்தான்.

மறுபடி அழைத்தேன். சுற்றியது, சுற்றியது, நின்றது. மூலையில் அந்த எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. சனியன்!

"ஜன்னல்கிட்ட போங்கோ! மாடிக்காவது போங்கோ!"

"எங்க போனாலும் வராது, மாதங்கி. அது வெறும் எழுத்து. நாங்க போட்டது."

குழந்தையை வாரிக்கொண்டு கீழ் வீட்டுப் பௌதியிடம், அதாவது வங்காளி மன்னியிடம், ஓடினேன்; மாதங்கி இன்ஹேலரோடு பின்னால் வந்தாள். அங்கே ப்ராட்பேண்ட் இருந்தது. "பௌதி, வைஃபை! வைஃபை!" என்று கதவை இடித்தேன். "ஆஷுன், ஆஷுன்" என்று உள்ளே அழைத்து உட்கார வைத்து, பாஸ்வேர்டைப் பௌதியே அடித்துக் கொடுத்தார்.

டாக்டர் அசைந்தார். விலாவைப் பார்த்தார், மூச்சை எண்ணினார். இன்ஹேலரை எத்தனை தடவை, எப்படி என்று சொல்லச் சொல்ல மாதங்கி கொடுத்தாள். கால் மணி கழித்து மீனாக்ஷி, "அப்பா, தண்ணி" என்றாள். பௌதி எதிரிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாதங்கி அழவில்லை.

"நம்மாத்துலயும் ப்ராட்பேண்ட் இருந்ததே. போன மாசம் வேண்டாம்னு எடுக்கச் சொன்னது நீங்கதானே? அந்த எழுத்து பொய்னு தெரிஞ்சுண்டா சொன்னேள்?"

"போன்ல 5ஜின்னு வந்துதா..." என்றேன். "பார்த்ததும் நானே நம்பிட்டேன்."