ரிவர்ஸ் லைட்டும் ஒரு மச்சானின் ஒப்புதலும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பேராசையில் பிறந்தது. என் தங்கச்சியின் கணவரிடம் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது. வெண்ணெய் நிறம். அதன்மேல் எனக்கு இருபது வருஷமாக ஒரு கண். போன மாதம் தகுதிச் சோதனையில் ரிவர்ஸ் லைட் எரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நொந்துபோன மாப்பிள்ளை, "இன்னொரு தடவை தோத்தா வண்டியை நீங்களே எடுத்துக்குங்க மச்சான்" என்றார். கரும்பு தின்னக் கூலியா? உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'அந்தக் காரின் பின்விளக்குகளில் ஒரு துயரம்...' வேண்டாம். விளக்குக்கு ஏது துயரம்? எரியும், இல்லை எரியாது.

இரண்டாவது தொடக்கம்: தங்கச்சி காரின் அடியிலிருந்து வெளியே வந்தாள், மூக்கு நுனியில் கிரீஸோடு.

இது தேவலை. அவள் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். முதல் ஞாயிறு ஃபியூஸையும் பல்பையும் மாற்றினாள். அடுத்த ஞாயிறு எர்த் ஒயரின் துருவைச் சுரண்டினாள். அதற்கடுத்த ஞாயிறு கியர்பெட்டியோரம் இருக்கும் சுவிட்சைக் கழற்றித் துடைத்து மாட்டினாள்; ரிவர்ஸ் போட்டதும் விளக்குக்கு மின்சாரம் விடுவது அதுதான். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "சாவி போட்டாச்சா? ரிவர்ஸ் போடுங்க" என்பாள். அவர் பிரேக்கை மிதித்தபடி போடுவார். பிரேக் லைட் சிவப்பாக ஜம்மென்று எரியும். வெள்ளை மட்டும் எரியாது.

"டிப்போவுல அத்தனை பஸ்ஸும் என் பேச்சைக் கேக்குது. இது மட்டும் அப்படியே உங்களை மாதிரி."

"நல்லாயிருக்குன்னு சொல்றியா?"

[ஓரக்குறிப்பு: மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். பிள்ளைகள் வைத்த பேர் 'நிதானம்'. ரோட்டைக் கடக்கப் பச்சை விழுந்த பிறகும் ஒருமுறை இரண்டு பக்கமும் பார்ப்பவர். இதைக் கடைசிவரை மறைத்திருந்தால் நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள்.]

3.

இங்கே எனக்கே ஒரு சந்தேகம். என் தங்கச்சி இவ்வளவு சுலபமாகத் தோற்கிறவள் இல்லையே. நேற்றுக் காலை, "நீங்க பின்னால போங்க, நான் போடுறேன்" என்றாள்.

"எரியுது" என்றார் அவர்.

இடம் மாறினார்கள். எரியவில்லை. மறுபடி மாறினார்கள். எரிந்தது.

"வண்டிக்குக்கூட ஆள் தெரியுது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த முறை அவள் பின்னால் நின்று குரல் மட்டும் கொடுத்துவிட்டு, குனிந்தபடி ஜன்னலோரம் வந்து எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கை முதலில் சாவிக்குப் போனது. அணைத்தார். அப்புறம்தான் ரிவர்ஸ் போட்டார்.

அந்தக் காரில் பிரேக் லைட்டுக்குச் சாவி வேண்டாம், ரிவர்ஸ் லைட்டுக்கு வேண்டும். போன மாதம் சோதனையிலும் இதையேதான் செய்திருக்கிறார். மூன்று ஞாயிறு பிரித்து மேய்ந்த காரில் பழுதே இருந்ததில்லை.

"எதுக்குங்க சாவியை அணைக்கிறீங்க?"

"நீ பின்னால நிக்கிறியே."

"இன்ஜினே ஓடலையே."

"ஓடலைதான். இருந்தாலும் நீ பின்னால நிக்கிறியே."

தங்கச்சி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். இன்றைக்கு மாப்பிள்ளைக்கு இருக்கிறது என்று நினைத்தேன். அவளோ கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கார் கை நழுவுகிறது என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது.

4.

முடிவு (அ): அவர் சாவியைத் தொடவில்லை. விளக்கு எரிந்தது. நான் வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

முடிவு (ஆ): சோதனை அதிகாரியும் யாரோ பெற்ற பிள்ளைதானே என்று சாவியை அணைத்துவிட்டார். கார் என் வாசலுக்கு வந்தது. நான் அதைத் துடைத்து... (இந்த வாக்கியத்தை மூன்று முறை தொடங்கிவிட்டேன். நகர மாட்டேன் என்கிறது.)

இன்று காலை பத்து மணி, மறுசோதனை. வண்டிக்குள் உரிமையாளர் மட்டும்தான் இருக்கலாம் என்பது சோதனைக்கூடத்தின் விதி. தங்கச்சி சுவரோரம் நிற்கிறாள், பக்கத்தில் நான், நோட்டோடு. ஆதாயம் உள்ளவன் முடிவு எழுதக்கூடாது. அதனால் அதிகாரியை டீ குடிக்க அனுப்பிவிட்டேன். அவருடைய இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். பம்பரிலிருந்து இரண்டடி தள்ளி.

மாப்பிள்ளை கண்ணாடியில் உங்களைப் பார்க்கிறார்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. போடுங்க" என்கிறாள் தங்கச்சி.

அவர் கை சாவிக்கும் கியருக்கும் நடுவில் நிற்கிறது. சிவப்பு மட்டும் எரிந்தால் வருத்தப்படாதீர்கள், முன்பின் தெரியாத உங்கள்மேலும் அவருக்கு அக்கறை. வெள்ளையும் எரிந்தால் சத்தமாகச் சொல்லுங்கள். கைதட்ட இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.