அம்மா இருக்கும் வீடு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளைக் கொதிநீரில் அள்ளிப் போட்டு அக்காவின் கைத்தோல் உரிந்துகிடந்தது. அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டு வரிக்கணக்கு எழுதுபவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பராமரிப்பவருக்கு வரியில் கழிவு உண்டு. சம்பளத்தில் பிடித்தது திரும்பி வந்தால் காற்று மெத்தை வாங்கிவிடலாம். அம்மாவின் இடுப்புப் புண் எலும்புவரை போய்விட்டது.

"உங்க கணக்கு திரும்பி வந்திருச்சும்மா. உங்க அம்மாவை ஏற்கனவே இன்னொருத்தர் தன் கணக்குல காட்டிட்டிருக்கார். ஒரு ஆளை ரெண்டு பேர் காட்ட முடியாது."

"யாரு சார்?"

"உங்க தம்பி. நாலஞ்சு வருஷமா."

தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே அம்மாவை நலம் விசாரித்துவிட்டுப் போகிறவன்.

"யார் வீட்ல இருக்காங்களோ அவங்களுக்குத்தான் கழிவு. ஆட்சேபணை எழுதிக் குடுங்க, ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பார்ப்பாங்க. அவர் இத்தனை வருஷம் வாங்கினதை அபராதத்தோட கட்டணும்."

எழுதிக் கொடுத்தாள்.

வரி ஆபீஸ் நோட்டீஸ் கிடைத்த வாரமே தம்பி வேனோடு வந்து நின்றான்.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்க்கா. பெத்த பிள்ளை வச்சுப் பார்க்கக் கூடாதா?"

"இத்தனை நாள் எங்கடா போயிருந்தே, பெத்த பிள்ளை? பீ அள்ற சட்டி எங்க இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?"

"ஆபீஸ் ஆளு பார்த்துட்டுப் போற வரைக்கும்தான். அப்புறம் நீயே வச்சுக்கோ. அபராதம் விழுந்தா வீட்டுக்கடன் தவணை நின்னு போகும், பசங்களோட தெருவுக்கு வந்துருவேன். உனக்கென்ன, ஒத்தை ஆளு."

"தொடாதே."

"இப்ப விடலேன்னா நீ வேலைக்குப் போன நேரத்துல தூக்கிட்டுப் போவேன். பூட்டை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

சொல்லிக்கொண்டே குனிந்து அம்மாவின் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். சரியாகப் புண் மேலேயே. வாய் பேசாத அம்மா, அடிபட்ட மாடு மாதிரி அலறினாள். கட்டு பிய்ந்து வந்தது. அவன் சட்டென்று கையை உருவி, முகத்தைச் சுளித்துக்கொண்டு பேன்ட்டில் துடைத்தான்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"வாபஸ் வாங்கிடறேன். போய்த் தொலை."

"நிஜமாவா?" முகம் தெளிந்துவிட்டது. "மெத்தைக்கு நானும் ஏதாச்சும் தர்றேன்க்கா."

"தருவே, தருவே. கிளம்பு."

மறுநாள் கணக்கு எழுதுபவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நியாயம் உங்க பக்கம் இருக்கேம்மா! வாபஸ் வாங்கினா மறுபடி கேக்க முடியாது. காரணம் வேற கேக்கிறாங்க. என்னன்னு எழுதறது?"

"அம்மா தம்பி வீட்லதான் இருக்காங்கன்னு எழுதுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு விரைந்தாள். அம்மாவை மறுபக்கம் புரட்டிப் போடும் நேரம் தாண்டியிருந்தது.