பெல்ட் அழுத்தும் தோள்

என் தம்பி பேருந்து ஓட்டுநர். கொஞ்ச நாளாகப் பேருந்து கழுவிக்கொண்டிருந்தான். ஓட்டும்போது சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியதால் பணிமனையில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை அப்படி ஆனால் ஸ்டீயரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். வேறு வேலை அவனுக்கு வராது. கழுவுகிற லட்சணத்தை நானே பார்த்தேன்.

அவன் வலது தோளில் ஒட்டியிருந்த பட்டை, எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் செய்தது. தோலோடு வளையும் சென்சார் சர்க்கரையை அளக்கும். ஏறினால், உள்ளிருக்கும் ஜெல் நுண்ணிய ஊசிகள் வழியே இன்சுலினை விடும்; இறங்கினால் நிறுத்திவிடும். நிறுத்தவில்லையே!

"உங்க தம்பி சாப்பிடாம ஓட்டியிருப்பார். சோதனையிலேர்ந்து எடுத்துடலாம்," என்றார் தலைமை விஞ்ஞானி.

"சாப்பாட்டு விஷயத்துல அவனைச் சந்தேகப்படாதீங்க சார். எங்க வீட்ல எனக்குன்னு எதையும் அவன் மிச்சம் வச்சதில்ல."

மருந்தில்லாத ஜெல்லில் நீலச் சாயம் கலந்து ஒட்டி, பணிமனையில் நின்ற பேருந்தில் அவனை உட்காரவைத்தேன். பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பி, பிரேக் மிதித்து, எதிரே வராத லாரியைத் திட்டவும் செய்தான். பட்டையை உரித்தால் பெல்ட் அமுக்கிய இடமெல்லாம் நீலம். அன்றும் இப்படித்தான் சர்க்கரை ஏறாமலே மருந்து பிதுங்கியிருக்கிறது. நாங்கள் சோதித்தவர்கள் எல்லாரும் மேசைமேல் கையை வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல அசையாமல் இருந்தவர்கள். பெல்ட் யார் போட்டார்கள்?

"இடது தோள்ல ஒட்டச் சொல்லிடுங்க. முடிஞ்சுது," என்றார் அவர்.

"அந்தத் தோள்லதான் அவன் பொண்ணு தூங்குவா."

"கொஞ்ச நாள் வேற யாராவது தூக்கட்டுமே."

எனக்குச் சுருக்கென்றது. "நோயாளிங்க மேல யாரும் சாயக் கூடாதுன்னு அட்டையில அச்சடிச்சிடலாமா சார்?"

அன்றே வேலையைத் தொடங்கினேன். ஜெல்லை ஒரே கட்டியாக வைக்காமல், தேனடைபோலச் சின்னச் சின்ன அறைகளில் ஊற்றினேன். அழுத்தத்தை அறைச் சுவர் தாங்க வேண்டும். முதலில் செய்த சுவர் குத்தித் தோல் சிவந்தது. அடுத்தது வளையாமல் உடைந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது அம்மியைவிடப் பிடிவாதம் பிடித்தது. பிடிவாதத்தில் என்னை யார் ஜெயித்திருக்கிறார்கள்? ஒருவழியாக, எவ்வளவு அமுக்கியும் நீலம் கசியாத பட்டை வந்தது.

மருந்து நிரப்பிய பட்டையோடு அவன் காலிப் பேருந்தை ஓட்டினான். பக்கத்தில் பணிமனைப் பரிசோதகர், பின்னால் போனும் கையுமாக நான். ஊரைச் சுற்றி வந்து நிறுத்தும்வரை, பட்டை போனுக்கு அனுப்பிய சர்க்கரை எண் நல்லபடியாகவே நின்றது. பரிசோதகர் இறங்கும்போது சாவியை அவனிடமே விட்டுப் போனார்.

"பாத்தியாக்கா?" என்றான் தம்பி, வாயெல்லாம் பல்லாக.

"இன்னும் முடியலடா."

பணிமனை வாசலில் காத்திருந்த அவன் மனைவியிடமிருந்து பாப்பாவை வாங்கி, பட்டை ஒட்டிய அவன் தோளிலேயே சாய்த்தேன். அவன் பதறிப்போய் இடது பக்கம் மாற்றப் போனான்.

"அப்படியே வச்சுக்கோ."

பாப்பா கன்னத்தைப் பட்டைமேல் அழுத்திக்கொண்டு தூங்கிப்போனாள். அவன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். எண் இறங்கவில்லை. அழுகை எனக்குத்தான் வந்தது.