கைக்குப் பதில் பை

1

இந்தக் கதை என் சட்டையில் பிறந்தது. அக்காவின் கணவர் தையல்காரர். "அத்தான், கை சின்னதா வைங்க" என்று சொல்லித் துணியைக் கொடுத்தேன். கை நீளமாகவே வந்தது. நெஞ்சில் மட்டும் தீப்பெட்டிகூட நுழையாத ஒரு குட்டிப் பை. 'கை' அவர் காதில் 'பை' ஆகியிருந்தது. கதை சிக்கிவிட்டது என்று துள்ளினேன். அக்கா துள்ளவில்லை.

2

'ஒலியே இல்லாத உலகத்தில் ஒரு தையல்காரர்...'

(அடித்துவிட்டேன், பொய். கூப்பிட்டால் திரும்புவார். க, ச, த, ப மாதிரி, இலக்கணத்தில் வல்லினமானாலும் காதுக்குச் சன்னமான ஒலிகள்தான் அவரிடம் வந்து சேர்வதில்லை.)

'அத்தான் பிடிவாதக்காரர். அவர்...'

(இதுவும் வேண்டாம். அக்கா மட்டும் என்னவாம்? முன்பெல்லாம் அவர் "என்ன?" என்றால் இரண்டு தடவை சொல்வாள், மூன்றாவது தடவை "ஒண்ணுமில்ல" என்பாள். இப்போது முதல் தடவையே அதுதான். இருவருக்கும் நடுவில் பேச்சே நின்றுபோகும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.)

3

காது பரிசோதிக்கும் பெண்ணிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அவள் ஒரு தாளைக் காட்டினாள். கனத்த ஒலியிலிருந்து சன்ன ஒலிக்கு இடமிருந்து வலம் போகும் கோடு பாதியில் சறுக்கி விழுந்திருந்தது.

"காது மெஷின் போட்டா எல்லாம் சத்தமா கேக்கும், அவ்வளவுதானே? எனக்குத் தையல் மெஷின் சத்தமே போதும்மா" என்றார் அத்தான்.

"எல்லாத்தையும் கூட்டினா அது ஒலிபெருக்கி, சார். இந்தத் தாள் உங்க காதோட அளவு. எங்க குறையுதோ அங்கதான் கூட்டுவேன். நீங்க எல்லாருக்கும் ஒரே அளவுலயா தைக்கிறீங்க?"

அளவு என்றதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல காகிதம் சரசரத்தாகூட எரிச்சலா இருக்கும். மூளை பழகணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பிடிக்க வேண்டியதப் பிடிச்சு, விட வேண்டியத விட்டுத் தரேன்."

(அடிக்குறிப்பு: கட்டைவிரலைவிடச் சின்னப் பொருளுக்குள் ஒரு மைக், ஒரு குட்டிக் கணினி, ஒரு ஸ்பீக்கர். இதை எழுதும்போது எனக்கே கை பரபரக்கிறது.)

4

முடிவு ஒன்று: மெஷினைப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார். (கிழித்தேன்.)

முடிவு இரண்டு: அவர் அழ, நாங்கள் கைதட்ட... (சீ.)

நடந்ததையே சொல்கிறேன். மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தார். அது துணியில் ஓடும் சத்தத்தைக் கேட்டு அசந்துபோய், துண்டுத் துணிகளைச் சும்மா வெட்டி வெட்டிப் பார்த்தார். பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்கா, அவருக்கு முதுகைக் காட்டியபடி எதையோ முணுமுணுத்தாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்சம் நில்லுங்கள். ண, ம, ல மூன்றுமே காதுக்குக் கனத்த ஒலிகள். மெஷின் இல்லாமலே அவருக்குக் கேட்கும். அப்படியானால் இத்தனை வருஷமாக அக்கா பேசியதில் அவருக்குத் தெளிவாகக் கேட்ட சொல் இது ஒன்றுதான். எழுதும்போதுதான் எனக்கு இது உறைக்கிறது.

அத்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அது எப்பவும் கேக்கும். அதுக்கு முன்னாடி 'பேசி'ன்னு ஏதோ ஆரம்பிச்ச, கேட்டுச்சு. மீதியச் சொல்லு."

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

5

மீதியை நீங்கள் எழுதுங்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நன்றாகத் திட்டக்கூடச் செய்யட்டும். 'ஒண்ணுமில்ல' மட்டும் வேண்டாம்.